தசைத் தளர்வுப் பயிற்சி: இறுக்குவதில் வீரம் வேண்டாம்

குடியாத்தத்தில் மாலை நேரங்களில் ஏழெட்டுப் பேருக்குத் தசைத் தளர்வுப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிறேன். உடம்பின் தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கி, பிறகு தளரவிடும் பயிற்சி அது. லுங்கி நெய்பவர்கள், பீடி சுற்றும் பெண்கள், பேர்ணாம்பட்டு தோல் தொழிற்சாலைக்குப் போய்வருகிறவர்கள், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். 12 ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழைகளையே அவர்களும் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. சட்டையைத் தளர்த்துங்கள், செல்போனை அணையுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

முழு பலத்தோடு இறுக்குவது

இன்றும் எனக்குக் கோபத்தை வரவழைக்கும் தவறு இதுதான். கையை இறுக்குங்கள் என்றால் மூட்டை தூக்குவதுபோல் பல்லைக் கடிக்கிறார்கள். கழுத்து நரம்பு புடைக்கிறது. பிறகு ஒரே நொடி விட்டுவிட்டு அடுத்த தசைக்குத் தாவுகிறார்கள்.

நானும் அப்படித்தான் கால்விரல்களை வலுவோடு மடக்கினேன். கெண்டைக்கால் உருண்டு பிடித்துக்கொண்டது. மூன்று நாள் நொண்டினேன். அதுகூடப் பரவாயில்லை. ‘இது நமக்குச் சரிவராது’ என்று ஓராண்டு இந்தப் பக்கமே வராமல், தூக்கமும் இல்லாமல் கிடந்தேனே, அதுதான் நஷ்டம்.

பீடி சுற்றும் அக்கா ஒருவர் சென்ற மாதம் கேட்டார்: “ஏற்கெனவே இறுகிக் கிடக்கிற தோளை இன்னும் ஏன் தம்பி இறுக்க வேண்டும்?” சரியான கேள்வி. இறுக்கம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று நாம் அறிவதற்காகத்தான். இந்த முறையை உருவாக்கிய அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன், 1929-இல் இதை நூலாக வெளியிட்டார். மிக மெல்லிய இறுக்கத்தையும் உணரப் பழகுவதே அவருடைய நோக்கம். தளர வேண்டும் என்று முட்டி மோதுவதே தளர்வைக் கெடுக்கும் என்பது அவர் கருத்து.

ஆகவே பாதி பலம் போதும். 5 முதல் 7 நொடி இறுக்கி, சட்டென்று விட்டுவிட்டு, 20 முதல் 30 நொடி அந்த இடத்தையே கவனியுங்கள். கனம் இறங்குவதும் லேசான வெதுவெதுப்பு பரவுவதும் தெரியும். பயிற்சியின் பலனே அந்த நொடிகளில்தான் இருக்கிறது; அவற்றைத்தான் எல்லோரும் அவசரமாகத் தாண்டிப்போகிறார்கள்.

அக்காவை அப்படிச் செய்யச் சொன்னேன். காது வரை ஏறியிருந்த தோள் இறங்கியது. ஆனால் வலது கட்டைவிரல் ஆள்காட்டி விரலை அழுத்தி உருட்டிக்கொண்டே இருந்தது. மடியில் முறமில்லை, இலையில்லை, விரல் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் அவரே அதை உணர்ந்து விரலை விட்டார். நான் எதுவும் சொல்லவில்லை.

மூச்சை அடக்குவது

கூடாது. ரத்த அழுத்தம் ஏறும்.

வலிக்கும் இடத்தை இறுக்குவது

அடிபட்ட இடம், அறுவை சிகிச்சை செய்த இடம், தேய்மானமுள்ள கழுத்து ஆகியவற்றை இறுக்காமல் கடந்துவிடுங்கள். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டபின் தொடங்குங்கள்.

தேர்வன்று காலையில் தொடங்குவது

பதற்றம் தலைக்கேறிய பின் முதல்முறையாகச் செய்தால் எதுவும் பிடிபடாது. மனம் ஓரளவு அமைதியாக இருக்கும் நாட்களில், தினமும் 15 அல்லது 20 நிமிடம், சில வாரங்கள் பழகுங்கள். பழகிய உடம்புதான் நெருக்கடியில் சொன்ன பேச்சைக் கேட்கும். நம் ஊர்க் கத்திரி வெயிலில் மதியம் வேண்டாம், விடியற்காலை நல்லது.

பாதியில் தூங்கிவிடுவது

இரவென்றால் தூங்குங்கள். பகலில் பழகுவதற்குப் பாயை விட நாற்காலி நல்லது.