மியான்மரின் மார்த்தபான் வளைகுடாக் கடல் மேடையில் வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டரின் தொடர்பு அறுந்துபோன கதை

கீழ்த்தளத்து வயர்லெஸ்ஹார்ட் (தொழிற்சாலைக் கருவிகளுக்கான வயர்லெஸ் முறை) பிரஷர் டிரான்ஸ்மிட்டர்கள், அதாவது அழுத்தத்தை அளந்து அனுப்பும் கருவிகள், இரண்டு அடிக்கடி கேட்வேயிலிருந்து (எல்லாக் கருவிகளின் தகவலையும் வாங்கும் மையப் பெட்டி) காணாமல் போயின. ரங்கூனிலிருந்து புது பேட்டரி வரவழைக்கலாம் என்றது ஒரு தரப்பு. வீண் செலவு. பேட்டரி தீர்ந்தது விளைவுதான், காரணமல்ல.

கேட்வே திரையில் அண்டைக் கருவிப் பட்டியலை (எந்தக் கருவி எதனுடன் நேரடியாகப் பேசுகிறது என்பதை) பார்த்ததும் விஷயம் புரிந்தது. இரண்டுக்கும் ஒரே அண்டை, சிக்னல் -85 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலிமை கூடும்). குறைந்தது 3 அண்டை வேண்டும். -75-க்குக் கீழே இறங்கினால் அந்தப் பாதையை நம்ப முடியாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை இரும்புத் தகட்டுத் தளத்தை ஊடுருவாது, கிரேட்டிங் (இரும்புக் கம்பிச் சட்டத் தளம்) வழியே ஓரளவு கசியும். பெயிண்டர்கள் கட்டிய சாரம் அந்தக் கசிவையும் அடைத்துவிட்டது (சாரம் கட்டுகிறவர்கள் இன்ஸ்ட்ருமென்ட் ஆட்களிடம் கேட்பதே இல்லை).

தளத்தின் விளிம்பில், மேலும் கீழும் பார்வை கிடைக்கும் இடத்தில், சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் இரண்டு ரிப்பீட்டர் வைத்தோம். ஆன்டெனா செங்குத்தாக, இரும்பிலிருந்து அரை மீட்டர் தள்ளி. நெட்வொர்க் ஐடியும் ஜாயின் கீயும் (வலையில் சேரத் தேவையான ரகசியக் குறியீடு) ஏற்றியபின் சில மணி நேரம் தொடக்கூடாது. வலை தானே பாதை தேடும், ரீசெட் செய்தால் தேடல் முதலிலிருந்து. அப்டேட் நேரத்தை (அளவை அனுப்பும் இடைவெளி) 4 நொடியிலிருந்து 30 நொடியாக மாற்றினோம்: மெதுவாக மாறும் அழுத்தத்துக்கு அது தாராளம், பேட்டரியும் நீடிக்கும். எமர்ஜென்சி ஷட்டவுன் சிக்னல்கள் மட்டும் பழையபடி வயரிலேயே.

மழைக்காலத்துக்கு முன் டிரான்ஸ்மிட்டர் மூடிகளின் ஓ-ரிங்கில் (நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) உப்பு படிந்திருக்கிறதா பார்த்து, துடைத்து, கிரீஸ் தடவி இறுக்கவும்.