மெதுவாக மிதிப்பவரை இரண்டாவது ஆளாக விடுங்கள்

கூட்டமாகச் சைக்கிளில் போகும்போது, மெதுவாக மிதிப்பவரை முன்னால் போகிறவருக்கு அடுத்தபடியாக விடுங்கள். கூட்டத்திலேயே வேகமான ஆள் கடைசியில் வரட்டும். (அவர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.)

முன்னால் இருப்பவர் லேசாக பிரேக் பிடித்தால், பின்னால் ஒவ்வொருவரும் இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பிடிப்பார்கள். அப்புறம் விட்ட இடைவெளியைப் பிடிக்க கடைசி ஆள் மாங்குமாங்கென்று மிதிக்க வேண்டும். அந்த இடத்தில் பலவீனமான ஆள் இருந்தால், மதுரையிலிருந்து அழகர்கோவில் போய்ச் சேர்வதற்குள்ளேயே சோர்ந்துவிடுவார். இரண்டாவது இடத்திலோ எதிர்க்காற்றை முன்னவர் வாங்கிக்கொள்வார். இவர் பின்தங்கினால் உடனே தெரியும், மொத்தக் கூட்டமும் இவர் வேகத்துக்கு வந்துவிடும். கடைசியில் வரும் வேகமான ஆள், யாருக்காவது பஞ்சர் ஆனால் கூட நின்று உதவிவிட்டு எட்டிப் பிடித்துவிடுவார்.

முப்பது பேர் என்றால் ஒரே வரிசை வேண்டாம். ஏழெட்டுப் பேராகப் பிரிந்து, நடுவில் ஒரு பஸ் தாராளமாக நுழையும் அளவு இடம் விடுங்கள். நீண்ட வரிசையை முந்தும் பஸ், எதிரே வண்டி வந்தால் நம் மேல்தான் ஒதுங்கும்.

மலையேற்றத்துக்கு இது சரிவராது. திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் அவரவர் வேகத்தில் ஏறி மேலே சேர்ந்துகொள்வதே நல்லது. இறங்கும்போது ஒட்டிப் போகவே கூடாது. மதுரை கோரிப்பாளையம் மாதிரி சிக்னல்களிலும் வரிசை எப்படியும் உடையும், தாண்டியபின் எங்கே நிற்பது என்று முதலிலேயே பேசி வையுங்கள்.