செகண்ட்ஸ்ல எண்டெவர் பாக்கப் போறீங்களா, மூஞ்சிய பாத்து மயங்கிடாதீங்க

ஃபோர்டு எண்டெவர் முன்னாடி போய் நின்னா மனுஷனுக்கு என்ன ஆகுதுன்னே தெரியல. அந்த உசந்த பானெட், பெரிய கிரில், 18 இஞ்ச் வீல் எல்லாத்தையும் பாத்த உடனே கை தானா பாக்கெட்டுக்குள்ள போயிடுது. என் சித்தப்பா பையன் பத்தே நிமிஷத்துல அட்வான்ஸ் குடுத்துட்டு வந்தான். 2017 மாடல், வெள்ளை கலர், "அண்ணே 3.2 ஃபோர் பை ஃபோர்ணே"ன்னு, அதாவது 3.2 லிட்டர் இஞ்சின், நாலு வீலுக்கும் பவர் போற வண்டின்னு, ஃபோன்ல ஒரே குதி. மறுநாள் ஆர்சிய வாங்கிப் பாத்தா 2198 சிசி, அதாவது 2.2 லிட்டர்தான், அதுவும் டூ வீல் டிரைவ். வித்தவர் பொய் எதுவும் சொல்லல, இவன் கேக்கவே இல்ல, அவ்வளவுதான்.

மொத தப்பே இதுதாங்க. 2016ல வந்த எண்டெவர்ல 2.2, 3.2 ரெண்டுமே வெளிய பாக்க கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனா 2.2 நாலு சிலிண்டர், 160 குதிரை, 3.2 அஞ்சு சிலிண்டர், 200 குதிரை, 470 நியூட்டன் மீட்டர் டார்க், ஓட்டுனா ரெண்டும் வேற வேற வண்டி. 3.2ன்னா ஆர்சில 3198னு இருக்கணும். ஃபோர் பை ஃபோரான்னு பாக்க கியர் லீவர் பக்கத்துல மணல், பாறைன்னு மோடு மாத்துற திருகு இருக்கான்னு பாருங்க, அப்புறம் குனிஞ்சு முன் வீலுக்கு ஷாஃப்ட் போகுதான்னும் பாத்துடுங்க. லோ ரேஞ்ச் (மெதுவா, ஆனா நல்ல இழுவையோட போறதுக்கான கியர்) இருந்தா டெஸ்ட் டிரைவ்லயே வண்டிய நிறுத்தி நியூட்ரல்ல போட்டு ஒரு தடவ மாத்தி பாருங்க. பாதி ஓனர்ங்க வாங்குன நாள்லேந்து அந்த பட்டனைத் தொட்டே இருக்க மாட்டாங்க.

அப்புறம் இந்த "அமெரிக்கன் வண்டி, ஒண்ணும் ஆகாது"ங்கற பேச்சு. கம்பெனி அமெரிக்கா சரி, ஆனா இது ரேஞ்சர் பிக்கப்போட லேடர் ஃபிரேம் (ஏணி மாதிரி இரும்புச் சட்டம்) மேல ஆஸ்திரேலியா டீம் டிசைன் பண்ண வண்டி, நமக்கு வந்தது நம்ம மறைமலை நகர் பிளான்ட்லேந்து. ஃபிரேம் கெட்டிதான், அதுக்காக மேல மாட்டுன எல்லாமே கெட்டின்னு ஆயிடாது. ரெண்டு டன்னுக்கு மேல வெயிட்டு, அது எல்லாம் சஸ்பென்ஷன் ரப்பர் புஷ்ஷு, பிரேக், டயர் தலைலதான் விடியும். ஸ்டீயரிங் எலக்ட்ரிக், ஒரு விரல்ல திரும்பும், அதனால கீழ என்ன தேஞ்சு கெடக்குன்னு கைக்குத் தெரியவே தெரியாது. நல்ல ரோட்ல ஓட்டிப் பாத்துட்டு வராதீங்க. குண்டும் குழியுமா ஒரு ரோட்டப் புடிச்சு ஏசி, பாட்டு எல்லாம் ஆஃப் பண்ணி கண்ணாடிய எறக்கிட்டு மெதுவா ஓட்டுங்க, சத்தம் தானா சொல்லும்.

இஞ்சின்ல நிறைய பேருக்குத் தெரியாத ஒரு சமாச்சாரம் இருக்கு. இந்த 2.2, 3.2 ரெண்டுலயும் ஆயில் மாத்தும்போது பழசை எறக்கிட்டு ரொம்ப நேரம் காலியா விடக்கூடாது, 10 நிமிஷத்துக்குள்ள புது ஆயில் ஊத்திடணும். லேட்டாச்சுன்னா ஆயில் பம்ப்ல காத்து புடிச்சுக்கும், அப்புறம் ஸ்டார்ட் பண்ணா ஆயில் பிரஷரே ஏறாது, இஞ்சின் காலி. மத்த டீசல் வண்டி மாதிரி "நல்லா சொட்டட்டும், டீ குடிச்சுட்டு வரேன்"னு போற மெக்கானிக் கிட்ட சர்வீஸ் ஆன வண்டியான்னு அவசியம் கேளுங்க, பில்லு இருந்தா இன்னும் நல்லது. 2020லேந்து வந்த 2.0 லிட்டர், பத்து கியர் ஆட்டோமேட்டிக் வண்டில கவலை வேற. அது பிஎஸ் 6 புகை விதிக்கு வந்த வண்டி, புகைல இருக்கற கரிய புடிக்கற டிபிஎஃப் ஃபில்டர் இருக்கு, தினமும் ஆபீசுக்கு 3 கிலோமீட்டர் மட்டும் போய்ட்டு வந்த வண்டின்னா அந்த ஃபில்டர்ல கரி அடைச்சிருக்க வாய்ப்பு இருக்கு. கம்மி கிலோமீட்டர்னு சந்தோஷப்படறதுக்கு முன்னாடி அந்த கிலோமீட்டர் எப்படி ஓடுச்சுன்னு கேக்கணும்.

எந்த இஞ்சினா இருந்தாலும் காலைல பச்சத் தண்ணி மாதிரி இருக்கும்போதுதான் ஸ்டார்ட் பண்ணிப் பாக்கணும். நீங்க போகும்போதே பானெட் சூடா இருந்தா "நாளைக்கு வரேன்"னு கெளம்பிடுங்க.

800 மில்லிமீட்டர் தண்ணில எறங்கும்னு கம்பெனியே சொன்னதால மழை வெள்ளத்துல தைரியமா எறக்குனவங்க எக்கச்சக்கம். 2015 டிசம்பர் வெள்ளம், 2023 மிச்சாங் புயல் ரெண்டையும் பாத்த ஊரு நம்ம சென்னை. சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, அடியில சேறு கறை தெரியும். டோர் பக்கத்து ரப்பரை எடுத்து கார்ப்பெட்டுக்கு அடிய மோந்து பாருங்க. பாலிஷ் போட்டவன் அங்க வரைக்கும் போக மாட்டான்.

டெல்லி வண்டி சல்லிசா வருதேன்னு ஓடறதும் உண்டு. 10 வருஷத்துக்கு மேல டீசல் வண்டி ஓடக்கூடாதுன்னு அங்க கெடுபிடி இருந்ததால வெலைய எறக்கி தள்ளி விட்டாங்க. என்ஓசி (அந்த ஊரு ஆர்டிஓ குடுக்கற தடையில்லா சான்று), இங்க கட்ட வேண்டிய ரோடு டாக்ஸ், ரீ-ரெஜிஸ்ட்ரேஷன் எல்லாம் கூட்டிப் பாத்தா அந்த சல்லிசு எங்கயோ போயிடும். கணக்க ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டுட்டு அப்புறமா பேரம் பேசுங்க.

ஃபோர்டு 2021 செப்டம்பர்ல இங்க தயாரிப்ப நிறுத்தறேன்னு அறிவிச்சுது, சர்வீஸ் மட்டும் ஓடுது. அதனால வாங்கறதுக்கு முன்னாடியே சர்வீஸ் சென்டருக்கு ஒரு ஃபோன் போட்டு ஹெட்லைட் ஒண்ணு என்ன வெல, எத்தன நாள்ல வரும்னு கேளுங்க. அந்த பதில வச்சே வண்டிக்கு என்ன வெல சொல்லலாம்னு ஒரு ஐடியா வந்துடும்.

ஆங், கடைசியா ஒண்ணு. டேப் எடுத்து வீட்டு பார்க்கிங்க அளந்துடுங்க, வண்டி நீளம் 4.9 மீட்டர். நம்ம ஆளு அளக்கல, இப்ப தெருவுல வேப்ப மரத்தடியில நிறுத்தறான், தெனம் காலைல காக்கா எச்சத்தத் தொடைக்கறதுதான் வேல.