ஊக்கமருந்தும் வைத்தியமும்: நம்மூர் வீரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெல்லைச் சீமையில் கோயில் கொடை என்றால் கபடிப் போட்டியும் உண்டு. அங்கே சிறுநீர் மாதிரி கேட்டு பெரும்பாலும் யாரும் வருவதில்லை. அதே பையன் தேசியப் போட்டிக்குப் போனால் நாடா எனப்படும் தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையின் ஆட்கள் நிற்பார்கள். உடம்பில் தடை மருந்து இருந்தால் பொறுப்பு வீரருடையதுதான். "டாக்டர்தான் எழுதிக் கொடுத்தார்" என்று சொல்லி மட்டும் தப்ப முடியாது. ஆகவே சீட்டு எழுதும் முன்பே, "நான் போட்டிக்குப் போகிறவன்" என்று சொல்லிவிட வேண்டும்.

நம்மூரில் அதிகம் நடக்கும் தவறு குளுக்கோஸ் பாட்டில். அசதியா, காய்ச்சலா, "ஒரு பாட்டில் ஏத்துங்க டாக்டர்" என்று நாமே கேட்டு வாங்குகிறோம். 12 மணி நேரத்துக்குள் 100 மில்லிக்கு மேல் நரம்பு வழியாக ஏற்றுவதே தடை. உள்ளே வெறும் உப்புநீர் இருந்தாலும் அப்படித்தான். ஆஸ்பத்திரி சிகிச்சை, ஆபரேஷன், நோயைக் கண்டறியும் பரிசோதனை ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு.

இதற்கு நேரெதிரான தவறு, பயந்துபோய் தேவையான மருந்தையே நிறுத்துவது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர் அதை விடவே கூடாது. இன்சுலின் தடைப் பட்டியலில் இருக்கிறது, ஆனால் மருத்துவச் சான்றுகளோடு சிகிச்சைக்கான விலக்கு கேட்கலாம். போட்டிக்கு 30 நாள் முன்பாவது விண்ணப்பிக்க வேண்டும். அவசர சிகிச்சை என்றால் பிறகும் கேட்கலாம். ஆஸ்துமாவுக்கு சால்பியூட்டமால் இன்ஹேலர் 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம், அதிலும் எந்த 8 மணி நேரத்திலும் 600-ஐத் தாண்டாமல் எடுக்கலாம்.

"இது சித்த மருந்துதானே" என்ற நம்பிக்கையும் ஆகாது. எட்டிக்கொட்டையில் இருக்கும் ஸ்ட்ரிக்னின் போட்டி நேரத்தில் தடை. 1904 ஒலிம்பிக் மாரத்தானில் தாமஸ் ஹிக்ஸ் பிராந்தியோடு குடித்து ஓடியது அதைத்தான். அந்தக் காலத்தில் தடையும் இல்லை, அவருக்குத் தங்கப் பதக்கம் வேறு! மூட்டுவலிக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசியும் 2022 முதல் போட்டி நேரத்தில் தடை. இது தசை வளர்க்கும் ஸ்டீராய்டு அல்ல, வேறு வகை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, மாதக்கணக்கில் சாப்பிட்ட பிரெட்னிசலோன் (மூட்டுவலி ஊசியின் வகையைச் சேர்ந்தது) மாத்திரையைத் திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

சரி, ஏற்கெனவே தசை வளர்க்கும் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவர்? பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது. தசைக்கான ஸ்டீராய்டை வெளியிலிருந்து ஏற்றும்போது உடம்பு தன் ஆண் ஹார்மோன் சுரப்பைக் குறைத்துக்கொள்கிறது. ஊசியை விட்டதும் சோர்வு, தூக்கமின்மை, ஆசைக் குறைவு, மனச்சோர்வு எல்லாம் சேர்ந்து வரும். சுரப்பு திரும்ப மாதக்கணக்காகும், சிலருக்கு அதற்கு மேலும். அந்த இடைவெளியைத் தாங்காமல்தான் பலர் மறுபடி ஊசிக்கே போகிறார்கள். ஜிம்மில் யாரோ சொன்னார்கள் என்று, சுரப்பைத் திரும்பத் தூண்ட ஹெச்.சி.ஜி. என்ற ஹார்மோன் ஊசியும் குளோமிஃபீன், டாமாக்சிஃபென் மாத்திரையும் வாங்கிப் போடுவது இன்னொரு சிக்கல்: ஆண் வீரர்களுக்கு இந்த மூன்றுமே தடை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு போட்டு, ஹார்மோன், ஈரல், கொழுப்பு, இதயம் எல்லாம் பார்க்கச் சொல்லலாம். ஊசியைப் பகிர்ந்திருந்தால் எச்.ஐ.வி., மஞ்சள்காமாலைக் கிருமிச் சோதனைகளும் வேண்டும். மனம் ரொம்பத் தளர்ந்தால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்யலாம்.

மெஃபென்டெர்மின் என்ற ஊக்கமருந்து ஊசி போட்டு நெஞ்சு படபடத்து வருபவர் அதை டூட்டி டாக்டரிடம் மறைப்பது பைத்தியக்காரத்தனம். அது தெரிந்தால் கொடுக்கிற மருந்தே மாறும். அவர் நாடாவுக்குப் போன் போடப்போவதில்லை, நோயாளியின் ரகசியம் காப்பது அவர் தொழில் நெறி.

கஞ்சாவில் மாட்டியவர்கள், "எல்லாம் முடிந்தது" என்று விளையாட்டையே விட்டுவிடுகிறார்கள். போட்டிக்கு வெளியே, விளையாட்டுத் திறனுக்குத் தொடர்பில்லாமல் எடுத்தது என்று நிரூபித்தால் தடை 3 மாதம்தான். ஏற்கப்பட்ட சிகிச்சைத் திட்டத்தை முடித்தால் அது 1 மாதமாகக் குறையலாம்.