ஆக்டிவ் டைரக்டரியில் ஓயூ மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிறுவனத்தின் யூசர், கம்ப்யூட்டர் கணக்குகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் அமைப்புதான் ஆக்டிவ் டைரக்டரி. அதில் ஒரு யூசரையோ கம்ப்யூட்டரையோ ஓர் ஓயூவிலிருந்து (ஆர்கனைசேஷனல் யூனிட், அதாவது கணக்குகளைப் பிரித்து வைக்கும் பெட்டி) இன்னொன்றுக்கு மாற்றுவது ஒரு நொடி வேலை. மவுஸால் பிடித்து இழுத்து விட்டால் முடிந்தது. அப்போது ஓர் எச்சரிக்கைப் பெட்டி வரும். இப்படி மாற்றினால் இப்போதைய அமைப்பு எதிர்பார்த்தபடி வேலை செய்யாமல் போகலாம் என்று அது சொல்லும். இந்த விண்டோ திறந்திருக்கும்வரை மறுபடி காட்ட வேண்டாம் என்று ஒரு டிக்பாக்ஸும் அதிலேயே இருக்கும். பெரும்பாலோர் எச்சரிக்கையைப் படிக்காமல் டிக்கை மட்டும் போட்டுவிட்டு அடுத்த ஐம்பது பேரை இழுத்துவிடுகிறார்கள். அந்த எச்சரிக்கை சும்மா வைக்கப்பட்டதல்ல.

எது மாறாது என்பதை முதலில் பார்த்துவிடலாம், தேவையில்லாத பயம் குறையும். ஒரே டொமைனுக்குள் (ஒரே நிர்வாக எல்லைக்குள்) மாற்றினால் அந்த ஆப்ஜெக்ட்டின், அதாவது அந்த யூசர் அல்லது கம்ப்யூட்டர் பதிவின், அனுமதிகளுக்கான அடையாள எண்ணான எஸ்ஐடி மாறாது, நிரந்தர அடையாள எண்ணான ஜியூஐடி மாறாது, பாஸ்வேர்டு மாறாது, குரூப் மெம்பர்ஷிப்பும் அப்படியே இருக்கும். எனவே ஃபைல் சர்வரில் கொடுத்த அனுமதிகளும் போகாது. வாடகை வீடு மாறுகிற மாதிரிதான்: ஆள் அதே ஆள், ஆதார் எண் அதே எண், முகவரி மட்டும் வேறு. ஆனால் அந்த முகவரியை நம்பி இருப்பவை நிறைய. குரூப் பாலிசி (யூசர்களுக்கும் கணினிகளுக்கும் செட்டிங்குகளை மையமாகத் தரும் வசதி), நிர்வாக அனுமதிகள், எல்டேப் (டைரக்டரியைக் கேட்டுப் பார்க்கும் நெறிமுறை) வழியாகத் தேடும் மென்பொருள்கள், கிளவுடுக்குப் போகும் சிங்க் எல்லாமே ஆப்ஜெக்ட் எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் நடந்துகொள்கின்றன. மாற்றும் முன் இவை ஒவ்வொன்றையும் பற்றிக் கேள்வி கேட்காமல் விடுவதுதான் கீழே வரும் தவறுகள் எல்லாவற்றுக்கும் வேர்.

நிறுவன வரைபடத்தை ஓயூவில் வரைவது

எச்ஆர் ஒரு புதிய ஆர்கனைசேஷன் சார்ட் அனுப்பும். மார்க்கெட்டிங் இரண்டாகப் பிரிந்திருக்கும், ஃபைனான்ஸும் பர்ச்சேஸும் ஒன்றாகியிருக்கும். உடனே ஐடி டீம் ஓயூ மரத்தையும் அதே போல வெட்டி ஒட்டும். இது வேண்டாத வேலை. ஓயூ இருப்பது இரண்டு காரியங்களுக்கு: எந்த பாலிசி யாருக்குப் போக வேண்டும் என்பதற்கும், எந்த நிர்வாகி எதைத் தொடலாம் என்பதற்கும். இந்த இரண்டிலும் வித்தியாசம் இல்லாத இரு துறைகளுக்குத் தனித்தனி ஓயூ தேவையில்லை. துறைப் பெயரைச் சொல்ல டிபார்ட்மென்ட் என்ற ஆட்ரிபியூட் இருக்கிறது, அனுமதி கொடுக்க குரூப் இருக்கிறது. சார்ட் வருடா வருடம் மாறும். அதோடு சேர்த்து ஓயூவையும் மாற்றினால் ஆபத்தையும் வருடா வருடம் வாங்கிக்கொள்கிறீர்கள்.

குரூப்பை மாற்றினால் பாலிசி வந்துவிடும் என்று நினைப்பது

புதிதாக வருபவர்கள் இதில் மாட்டாமல் இருப்பதில்லை. ஒரு செக்யூரிட்டி குரூப்பைத் தூக்கி, ஜிபிஓ (குரூப் பாலிசி செட்டிங்குகளின் தொகுப்பு) லிங்க் ஆகியிருக்கும் ஓயூவில் போடுவார்கள். அந்த குரூப்பில் உள்ள அறுபது பேருக்கும் பாலிசி போய்விடும் என்று எதிர்பார்ப்பார்கள். போகாது. பாலிசி பார்ப்பது யூசர் ஆப்ஜெக்ட்டும் கம்ப்யூட்டர் ஆப்ஜெக்ட்டும் எங்கே இருக்கின்றன என்பதை மட்டும்தான். குரூப் எங்கே இருக்கிறது என்பது அதற்குப் பொருட்டே இல்லை. குரூப்பை வைத்து வடிகட்ட வேண்டுமென்றால் அதற்கு ஜிபிஓவிலேயே செக்யூரிட்டி ஃபில்டரிங் இருக்கிறது.

இதே இனத்தில் இன்னொன்று பாஸ்வேர்டு பாலிசி. ஓர் ஓயூவுக்குத் தனி பாஸ்வேர்டு ஜிபிஓ லிங்க் செய்து, யூசர்களை அங்கே மாற்றினால் டொமைன் பாஸ்வேர்டு விதி மாறும் என்று நினைப்பதும் தவறு. அது அந்த ஓயூவில் உள்ள கம்ப்யூட்டர்களின் லோக்கல் கணக்குகளை மட்டுமே கட்டுப்படுத்தும். டொமைன் யூசர்களில் சிலருக்கு மட்டும் வேறு விதி வேண்டுமென்றால் விண்டோஸ் சர்வர் 2008-இல் வந்த ஃபைன் கிரெய்ன்ட் பாஸ்வேர்டு பாலிசிதான் வழி. அது யூசருக்கும் குளோபல் செக்யூரிட்டி குரூப்புக்கும் பொருந்தும், ஓயூவுக்கு அல்ல.

பழைய பாலிசி விலகும்போது என்ன நடக்கும் என்று பார்க்காதது

புதிய ஓயூவில் என்ன பாலிசி வரும் என்று எல்லோரும் பார்க்கிறார்கள். பழைய ஓயூவின் பாலிசி விலகினால் என்ன ஆகும் என்று பார்ப்பவர்கள் குறைவு. சேதம் பெரும்பாலும் இங்கேதான்.

ஃபோல்டர் ரீடைரக்‌ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். அக்கவுண்ட்ஸ் ஓயூவில் இருந்த ஒருவரின் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர் சர்வருக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கிறது. அந்த செட்டிங்கில் பாலிசி நீங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தேர்வு உண்டு. ஃபோல்டர் சர்வரிலேயே இருக்கட்டும் என்று இருந்தால் ஒன்றும் ஆகாது. யூசர் புரொஃபைலுக்கே திருப்பு என்று இருந்து, உள்ளிருப்பதை நகர்த்து என்ற டிக்கும் இருந்தால், ஃபைல்கள் சர்வரிலிருந்து அவருடைய லேப்டாப்புக்கு நகல் ஆகும். லாகின் நீண்டுகொண்டே போகும், சர்வரில் பழைய நகலும் அப்படியே இருக்கும். இனி அவர் வேலை செய்வதெல்லாம் பேக்கப் இல்லாத லேப்டாப்பில். புரொஃபைலுக்குத் திருப்பு என்று இருந்து, அந்த டிக் மட்டும் இல்லையென்றால் ஃபோல்டர் காலியாகத் தெரியும். ஃபைல்கள் சர்வரில் பத்திரமாகத்தான் இருக்கும், ஆனால் அவர் கண்ணுக்குப் படாது. பத்து வருட கணக்கு ஃபைல்கள் காணோம் என்று ஒருவர் பதறுவதற்கு இது போதும்.

ஜிபிஓ வழியாக நிறுவிய மென்பொருளிலும் இதே கதைதான். பாலிசியின் எல்லையைத் தாண்டினால் அன்இன்ஸ்டால் செய் என்ற டிக் இருந்தால், ஓயூ மாறியதும் மென்பொருள் கழன்றுவிடும். பிரின்டர், ட்ரைவ் போன்றவற்றை அமைக்கும் குரூப் பாலிசி பிரிஃபரன்சஸ் இதற்கு நேர்மாறு: பாலிசி விலகினாலும் பழைய செட்டிங் ஒட்டிக்கொண்டே இருக்கும். பொருந்தாதபோது நீக்கு என்ற விருப்பத்தை முன்கூட்டியே போட்டிருந்தால்தான் போகும். துறை மாறி வந்தவரின் கணினியில் பழைய துறையின் பிரின்டரும் ட்ரைவும் மாதக்கணக்கில் தொங்கிக்கொண்டிருப்பது இதனால்தான்.

இதில் நேரக் கணக்கும் ஏமாற்றும். சாதாரண பாலிசிகள் 90 நிமிடத்துக்கு ஒருமுறை, அதோடு 30 நிமிடம் வரை கூட்டி, பின்னணியில் புதுப்பிக்கப்படும். ஆனால் ஃபோல்டர் ரீடைரக்‌ஷன் யூசர் லாகின் ஆகும்போதும், மென்பொருள் நிறுவல் கணினி பூட் ஆகும்போதோ யூசர் லாகின் ஆகும்போதோ மட்டும்தான் வேலை செய்யும். ஆகவே வெள்ளிக்கிழமை மாலை மாற்றிவிட்டு, எந்தப் புகாரும் வரவில்லை, எல்லாம் சரி என்று வீட்டுக்குப் போகலாம். புகார் திங்கள்கிழமை காலை ஒன்பது மணிக்கு வரும், எல்லோரிடமிருந்தும் ஒரே நேரத்தில்.

இதைத் தவிர்க்க ஒரு கருவி கையிலேயே இருக்கிறது. குரூப் பாலிசி மேனேஜ்மென்ட் கன்சோலில், இடது பக்க மரத்தின் கீழே, குரூப் பாலிசி மாடலிங் என்று ஒரு பகுதி. அதில் ஒரு யூசரையும் கம்ப்யூட்டரையும் தேர்ந்தெடுத்து, இவர்கள் இன்ன ஓயூவில் இருந்தால் என்னென்ன பாலிசி வரும் என்று எதையும் மாற்றாமலே கேட்கலாம். இப்போதைய நிலைமைக்கு ஜிபிரிசல்ட் (இப்போது எந்தெந்த பாலிசி வருகிறது என்று காட்டும் கட்டளை) ரிப்போர்ட் எடுங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் தெளிவாகத் தெரியும். லூப்பேக் பிராசசிங் (கம்ப்யூட்டர் இருக்கும் ஓயூவை வைத்து யூசர் செட்டிங் தரும் முறை) போட்டிருக்கும் ஓயூக்களுக்கு, அதாவது டெர்மினல் சர்வர், கியோஸ்க், பயிற்சி அறைக் கணினிகள் இருக்கும் இடங்களுக்கு, இந்த ஒப்பீடு கட்டாயம் வேண்டும். அங்கே கம்ப்யூட்டரை மாற்றினால் யூசர் செட்டிங்கும் சேர்ந்து மாறும்.

அனுமதிகளை மறப்பது

ஆப்ஜெக்ட்டின் மேல் நேரடியாகக் கொடுத்த அனுமதிகள் கூடவே வரும். மேலே இருந்த ஓயூவிலிருந்து இறங்கி வந்தவை வராது, புதிய ஓயூவில் இருப்பவை வந்து ஒட்டும். ஹெல்ப்டெஸ்க்குக்கு பாஸ்வேர்டு ரீசெட் உரிமையை பழைய ஓயூவில் மட்டும் கொடுத்திருந்தால், மாற்றிய அன்றே அவர்களால் அந்த யூசர்களைத் தொட முடியாது. கிளஸ்டரின் (ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்யும் சர்வர்களின்) பெயர் ஆப்ஜெக்ட்டை மாற்றினால், புதிய இடத்தில் கம்ப்யூட்டர் ஆப்ஜெக்ட் உருவாக்க அதற்கு அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லேப்ஸ் (ஒவ்வொரு கணினியின் லோக்கல் அட்மின் பாஸ்வேர்டையும் தானாக மாற்றி டைரக்டரியில் வைக்கும் வசதி) பயன்படுத்தும் நிறுவனங்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கணினி தன் லோக்கல் அட்மின் பாஸ்வேர்டைத் தானே எழுதிக்கொள்ளும் உரிமை வழக்கமாக ஓயூ அளவில்தான் கொடுக்கப்படுகிறது. அந்த உரிமை இல்லாத ஓயூவுக்கு லேப்டாப்பை மாற்றினால் பாஸ்வேர்டு புதுப்பிப்பது நின்றுவிடும், யாருக்கும் சத்தம் கேட்காது.

மாற்றும்போது "அக்சஸ் டினைடு" வந்தால் மாற்றுபவரை டொமைன் முழுவதற்கும் உரிமை உள்ள டொமைன் அட்மின் குரூப்பில் சேர்த்துவிடுகிற பழக்கம் சில இடங்களில் உண்டு. தயவுசெய்து வேண்டாம். பெரும்பாலும் காரணம், தவறுதலாக அழிவதிலிருந்து பாதுகாக்கும் டிக்தான். ஒரு டொமைனுக்குள் மாற்றுவதற்கும் அழிக்கும் உரிமை தேவைப்படுகிறது, அதை இந்த டிக் தடுக்கிறது. வியூ மெனுவில் அட்வான்ஸ்ட் ஃபீச்சர்சைப் போட்டால் ஆப்ஜெக்ட் டேபில் அது தெரியும். எடுத்துவிட்டு மாற்றுங்கள், மாற்றியதும் மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

முழுப் பெயரை எழுதிவைத்திருக்கும் மென்பொருள்கள்

ஸ்கேனர், விபிஎன் ஃபயர்வால், எச்ஆர் போர்ட்டல், டிக்கெட் சிஸ்டம் போன்றவை எல்டேப் வழியாக டைரக்டரியில் நுழையும்போது ஒரு சர்வீஸ் அக்கவுண்டின் டிஸ்டிங்விஷ்ட் நேமைக் கொடுக்கும். அது சிஎன்=ஸ்கேன், ஓயூ=ஐடி, டிசி=கம்பெனி, டிசி=லோக்கல் என்கிற மாதிரி முழுப் பாதையாக இருக்கும். அந்த அக்கவுண்டை சர்வீஸ் அக்கவுண்ட்ஸ் என்ற புதிய ஓயூவில் ஒழுங்காகப் போடுகிறேன் என்று மாற்றினால் பாதை மாறிவிடும், விபிஎன்னில் யாராலும் நுழைய முடியாது. இங்கே முழுப் பாதைக்குப் பதிலாக யூபிஎன் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள், மின்னஞ்சல் போல இருக்கும் அந்தப் பெயர் ஓயூ மாறினாலும் மாறாது.

சர்வீஸ் அக்கவுண்டை விட்டுவிட்டு யூசர்களை மட்டும் மாற்றினாலும் சிக்கல் வரலாம். தேடும் இடம், அதாவது சர்ச் பேஸ், பழைய ஓயூவையே காட்டிக்கொண்டிருந்தால் மாறிப் போனவர்கள் அந்த மென்பொருளுக்கு இல்லாதவர்களாகிவிடுவார்கள்.

ராஜினாமா செய்தவரின் அக்கவுண்ட்

மைக்ரோசாஃப்ட் 365-உம், ஆக்டிவ் டைரக்டரியை அதோடு சிங்க் செய்யும் என்ட்ரா கனெக்ட்டும் இருக்கும் நிறுவனங்களில் நான் மிகவும் கவலைப்படுவது இதற்குத்தான். சிங்க் எந்தெந்த ஓயூவைப் பார்க்க வேண்டும் என்று ஃபில்டர் போட்டிருப்பார்கள். அதில் "டிஸேபிள்ட் யூசர்ஸ்" ஓயூ இருக்காது. ஒருவர் வேலையை விடுகிறார். அவர் மெயில்பாக்ஸை ஷேர்டு மெயில்பாக்ஸாக மாற்றி, கிளையன்ட் மெயில்கள் மேனேஜருக்குத் தெரியும்படி செய்கிறார்கள். அப்புறம் வழக்கப்படி அக்கவுண்டை டிஸேபிள் செய்து அந்த ஓயூவுக்கு இழுத்துவிடுகிறார்கள். சிங்க் 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும். அடுத்த ஓட்டத்தில் கிளவுடின் பார்வையில் அந்த யூசர் அழிந்துவிட்டார், ஷேர்டு மெயில்பாக்ஸும் கூடவே போகிறது. 30 நாளுக்குள் யாராவது கவனித்து அக்கவுண்டை பழைய ஓயூவுக்குத் திருப்பினால் மீட்கலாம். மேனேஜர் அந்த மெயில்களை இரண்டு மாதம் கழித்துத் தேடினால் சாதாரண வழியில் மீட்க முடியாது.

தவறுதலாக நிறைய அழிவதைத் தடுக்க சிங்க்கில் ஒரு வரம்பு இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். இருக்கிறது, ஆனால் அதன் இயல்பான அளவு 500. நாற்பது பேரை மாற்றினால் அது வாயே திறக்காது. ஆகவே மாற்றும் முன் புதிய ஓயூ சிங்க் ஃபில்டரில் இருக்கிறதா என்று பாருங்கள்.

காலியான ஓயூவை உடனே அழிப்பது

எல்லோரையும் மாற்றியதும் பழைய ஓயூவை அதே மணி நேரத்தில் அழிக்க வேண்டாம். வெவ்வேறு சைட்டுகளுக்கு (அலுவலக இடங்களுக்கு) இடையே ரெப்ளிகேஷன், அதாவது மாற்றங்களைப் பரிமாறிக்கொள்ளும், இடைவெளி இயல்பாக 180 நிமிடம். கிளை அலுவலகத்து டொமைன் கன்ட்ரோலரில் (டைரக்டரியின் நகலை வைத்திருக்கும் சர்வரில்) வேறொரு நிர்வாகி அதே சமயம் ஒரு யூசரை அந்தப் பழைய ஓயூவுக்குள் போட்டிருக்கலாம். ஒரு பக்கம் ஓயூ அழிய, இன்னொரு பக்கம் ஆள் உள்ளே வந்தால், அந்த ஆப்ஜெக்ட் லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் கன்டெய்னரில் போய் விழும். காலி ஓயூவை இரண்டு வாரமாவது வைத்திருந்து, அதற்குள் எந்த மென்பொருளாவது அதைத் தேடி வருகிறதா என்று பார்ப்பது நல்லது. டொமைன் கன்ட்ரோலர்களை மட்டும் அவற்றுக்கென்று உள்ள ஓயூவிலிருந்து எக்காரணம் கொண்டும் வெளியே எடுக்காதீர்கள்.

திரும்பிப் போக வழி வைக்காதது

ஆக்டிவ் டைரக்டரியில் அன்டூ கிடையாது. ரீசைக்கிள் பின் அழித்ததை மீட்கும், மாற்றியதைத் திருப்பாது. முந்நூறு பேர் எந்தெந்த ஓயூவில் இருந்தார்கள் என்று நினைவில் வைத்துக்கொள்ள யாராலும் முடியாது. எனவே தொடங்கும் முன் பவர்ஷெல்லில் ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டின் ஜியூஐடியையும் அப்போதைய டிஸ்டிங்விஷ்ட் நேமையும் ஒரு சிஎஸ்வி ஃபைலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெயரை மட்டும் எடுத்தால் போதாது, பெயர் மாறலாம், ஜியூஐடி மாறாது. திருப்ப வேண்டி வந்தால் அதே ஃபைலைக் கொண்டு ஸ்கிரிப்ட் ஓட்டிவிடலாம். டைரக்டரி சர்வீஸ் சேஞ்சஸ் ஆடிட்டிங்கைப் போட்டு, அந்த ஓயூக்களுக்கு ஆடிட் விதியும் வைத்திருந்தால், மாற்றும் ஒவ்வொன்றும் 5139 என்ற எண்ணில் செக்யூரிட்டி லாகில் பதியும், யார் எதை எங்கிருந்து எங்கே மாற்றினார் என்பதோடு.

தெரியாமல் மவுஸ் இழுபட்டு ஓர் ஓயூவே இன்னொன்றுக்குள் போய்விழும் ஆபத்துக்கும் மருந்து உண்டு. ஏடிஎஸ்ஐ எடிட் என்ற கருவியில் (டைரக்டரியின் உள் அமைப்பை நேரடியாகத் திருத்துவது) கான்ஃபிகரேஷன் பகுதியைத் திறந்து, டிஸ்பிளே ஸ்பெசிஃபையர்ஸ் கன்டெய்னரின் ஃப்ளாக்ஸ் ஆட்ரிபியூட்டை 1 ஆக்கினால், முழு ஃபாரஸ்ட்டுக்கும் (நிறுவனத்தின் எல்லா டொமைன்களும் சேர்ந்த தொகுப்புக்கும்) இழுத்து விடும் வசதி நின்றுவிடும். ரைட் கிளிக்கில் வரும் மூவ் அப்போதும் வேலை செய்யும்.