சின்ன லேத்தில் வார்ப்பிரும்பு ஃப்ளைவீல் கடைவது எப்படி?

மேசை லேத்தில் வார்ப்பிரும்பைத் தாராளமாகக் கடையலாம். சிக்கலெல்லாம் மேல்தோலில்தான். மணல் அச்சில் வார்த்த காஸ்டிங்கின் மேற்பரப்பில் மணல் துகள்கள் ஒட்டியிருக்கும். மெல்லிய ஓரங்கள் சட்டென்று ஆறியதால் கெட்டித்தும் போயிருக்கலாம். உள்ளே இருக்கும் சாம்பல்நிற இரும்பில் கிராஃபைட் கலந்திருப்பதால் அது சுலபமாக வெட்டுப்படும். மாடல் நீராவி இன்ஜினுக்கான 100 மி.மீ. ஃப்ளைவீலை (ஓட்டத்தைச் சீராக்கும் கனமான சக்கரம்) எடுத்துக்கொள்வோம்.

1. அரம் போட்டுப் பாருங்கள்

கம்பி பிரஷால் மணலைத் தட்டிவிட்டு, ஓரங்களில் பழைய அரத்தால் தேயுங்கள். அரம் பிடித்தால் சரி. வழுக்கினால் அந்த இடம் டூலைத் தின்றுவிடும். கரி அடுப்பில் முழுச் சக்கரத்தையும் சீராகப் பழுக்கக் காய்ச்சி, ஒரு மணி நேரம் அந்தச் சூட்டிலேயே வைத்து, சாம்பலில் புதைத்து இரவு முழுக்க ஆறவிட்டால் இளகும். ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் ஆரக்கால் விரிசல் விட்டுவிடும், கவனம்.

2. சக்கில் பிடித்தல்

காஸ்டிங் சரியான வட்டமாக இருக்காது. அதனால் நாலு ஜா சக்தான் (ஒவ்வொரு தாடையையும் தனித்தனியாக நகர்த்தக்கூடிய பிடிப்பான்) வேண்டும். ஜாக்களை ரிம்மின் (சக்கரத்தின் வெளிவளையம்) உட்புறத்தில் வைத்துப் பிடியுங்கள். அளவாக இறுக்குங்கள், இழுவிசையை வார்ப்பிரும்பு அவ்வளவாகத் தாங்காது. எதிர்ப்பக்கம் தெரியும் ரிம்மின் உள்விளிம்பு ஆடாமல் சுற்ற வேண்டும். அந்த விளிம்பை நாம் கடையப் போவதில்லை. அது ஆடினால் ஓடும்போது சக்கரமே கோணலாகத் தெரியும். கரடான பரப்பில் டயல் கேஜ் (ஆட்டத்தை அளக்கும் முள் கருவி) வேண்டாம், நிலையாக வைத்த ஒரு கம்பி முனை போதும்.

3. வேகம்

ஹெச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) டூலுக்கு வெட்டு வேகம் நிமிடத்துக்குச் சுமார் 18 மீட்டர். 100 மி.மீ. விட்டத்துக்கு அது 57 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 57 சுற்று). பல சின்ன லேத்துகள் அவ்வளவு மெதுவாக ஓடினால் திணறும். தோலை எடுக்க கார்பைடு பிட் (எஃகைவிடக் கடினமான வெட்டுமுனை) போட்டு 120 ஆர்.பி.எம். பக்கம் ஓட்டுவது என் பழக்கம்.

4. முதல் கட்

மெஷின் சின்னது என்று 0.1 மி.மீ. மட்டும் எடுப்பதுதான் புதியவர்கள் செய்யும் காரியம். டூல் முனை மணலிலேயே உரசி மழுங்கிவிடும். ஓரத்தை அரத்தால் சாய்வாக ராவி, அங்கிருந்து தோலுக்கு அடியில் போகும்படி 1 மி.மீ. ஆழம் கொடுங்கள். மோட்டார் திணறினால் ஆழத்தைக் குறைக்காதீர்கள், ஃபீடை (டூல் நகரும் வேகத்தை) குறையுங்கள். சக்கரம் வட்டமாகும்வரை டக் டக் என்று அடிக்கும். பயப்பட வேண்டாம்.

5. மிச்ச வேலை

தோல் போனபின் எல்லாம் சுகம். வெளிச்சுற்று, ரிம் முகப்பு, நடு ஓட்டை மூன்றையும் சக்கிலிருந்து கழற்றாமலே முடியுங்கள். அப்போதுதான் மையம் பிசகாது. கடைசி கட் கூரான டூலால் 0.1 மி.மீ. மறுபக்க முகப்பை மட்டும் மாண்ட்ரலில் (நடு ஓட்டையில் செருகும் தண்டு) ஏற்றிக் கடையலாம்.

கூலன்ட் வேண்டாம். சுருள் வராது, கருப்புத் தூள்தான் வரும். அது எண்ணெயோடு கலந்தால் லேத் பெட்டையே (லேத்தின் அடித்தளத் தண்டவாளம்) தேய்க்கும் பேஸ்ட் ஆகிவிடும். பெட்டில் எண்ணெயைத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். முடிந்ததும் வாக்குவம் போட்டு உறிஞ்சி, மறுபடி எண்ணெய் இடுங்கள். கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம்.