வால்ட்ஸில் டபுள் ரிவர்ஸ் ஸ்பின் பழகும் முறை

ஆணும் பெண்ணும் இணைந்து ஆடும் ஆங்கிலப் பாணி வால்ட்ஸ் நடனத்தில் ஓரளவு தேறியவர்களையும் தடுமாற வைக்கும் சுழற்சி, டபுள் ரிவர்ஸ் ஸ்பின். மூன்று தட்டுகள் கொண்ட ஒரே தாளச்சுற்றுக்குள் இணையர் இருவரும் இடப்புறமாக முக்கால் சுற்றிலிருந்து ஒரு முழுச் சுற்று வரை திரும்பிவிட வேண்டும். அதற்குள் ஆண் இருமுறை மட்டுமே உடல் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுகிறார், பெண்ணோ நான்கு முறை மாற்றுகிறார். போட்டிகளில் இசை நிமிடத்துக்கு 28 முதல் 30 தாளச்சுற்று வேகத்தில் ஒலிப்பதால், அந்த நான்கு அடிகளுக்கும் அவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ இரண்டு நொடிதான். வேலையில் உள்ள இந்த ஏற்றத்தாழ்வை ஆண் மனத்தில் வாங்கிக்கொள்ளாததே பெரும்பாலான தடுமாற்றங்களுக்குக் காரணம் என்பது என் உறுதியான கருத்து.

ஆடுவோர் அனைவரும் அரங்கை இடஞ்சுழியாகச் சுற்றி வருவது மரபு. அந்தப் போக்கிலிருந்து அரங்கின் நடுவை நோக்கிச் சாய்வாக ஆண் முகம் வைத்துத் தொடங்கினால், திரும்புவதற்குப் போதிய இடம் கிடைக்கும்.

முதல் தட்டில் ஆண் இடது காலை முன்வைத்து, குதிகாலில் ஊன்றி விரல்களுக்கு எடையை நகர்த்தியபடியே இடப்புறம் திரும்பத் தொடங்குகிறார். இரண்டாம் தட்டில் வலது காலைப் பக்கவாட்டில், விரல்களின் மேல் வைக்கிறார். இந்த அடி அகன்றுவிட்டால் இடது கால் வந்து சேர நேரம் போதாது என்பதால், அதை அடக்கமாகவே வைக்க வேண்டும். மூன்றாம் தட்டில் இடது கால் வலது காலை ஒட்டி வந்து நிற்கிறது. ஆனால் அதன் மேல் எடை ஏறக்கூடாது. முழு எடையையும் வலது முன்பாதத்தில் தாங்கியபடி சுழன்று, தட்டு முடியும்போது வலது குதிகாலைத் தாழ்த்துகிறார். அடுத்த அடிக்கு அதே இடது கால்தான் முன்னே செல்லப் போகிறது.

பெண்ணின் பகுதியில் கடினமானது இரண்டாம் அடி. முதல் தட்டில் வலது காலைப் பின்வைத்து, விரலிலிருந்து குதிகாலுக்கு எடையை இறக்குகிறார். பிறகு இடது பாதத்தைத் தரையை விட்டு எடுக்காமல் பின்னுக்கு இழுத்து வலது பாதத்தோடு இணையாகச் சேர்த்தவாறு, வலது குதிகாலின் மேல் திரும்புகிறார். ஹீல் டர்ன் என்பது இதுதான். திரும்பி முடியும் வரை எடை வலது குதிகாலிலேயே இருந்து, அதன் பிறகே இடது காலுக்கு மாற வேண்டும். முன்கூட்டியே மாறினால் உடல் பின்னால் சரிந்து, துணைவரின் தோளைப் பிடித்துத் தொங்க நேரும். மூன்றாம் அடியாக வலது கால் பக்கவாட்டில் சற்றே பின்னால் செல்ல, நான்காம் அடியாக இடது கால் அதற்கு முன்னால் குறுக்கே வந்து சேர்கிறது. மூன்றாம் தட்டைப் பிளந்து “ஒன்று, இரண்டு, மூன்று–அண்ட்” என்று எண்ணுவது ஒரு வழக்கம். இரண்டாம் தட்டைப் பிளந்து “ஒன்று, இரண்டு–அண்ட், மூன்று” என்று எண்ணுவதும் உண்டு. எது என்பதை இருவரும் முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஹீல் டர்னைச் சுவரருகே, விரல் நுனிகளால் சுவரைத் தொட்டுக்கொண்டு, இசையின்றித் தனியாகப் பழகுவது நல்லது. பாதங்கள் சேரும்போது முழங்கால்கள் ஒன்றையொன்று உரசிக்கொள்கின்றனவா என்று கவனியுங்கள். உரசவில்லையெனில் பாதம் வளைந்த வழியில் வருகிறது என்று பொருள். ஆணும் தம் மூன்றாம் தட்டைத் தனியே பழக வேண்டும்: சுழற்சியை முடித்தபின் இடது பாதத்தை உடனே தூக்க முடிந்தால் எடை சரியான காலில் இருக்கிறது.

இணைந்து ஆடும்போது பெண்ணைக் கையால் இழுத்துச் சுழற்றும் ஆசை ஆணுக்கு வரும். அது முழுவதும் தவறு. திருப்பம் ஆணின் இடுப்புக்கு மேலுள்ள உடலிலிருந்தே வர வேண்டும். கைகள் தொடங்கிய இடத்திலேயே நிற்க வேண்டும். மூன்றாம் தட்டில் அவர் செய்ய வேண்டியது நிமிர்ந்து நின்று சுழல்வதும், பெண்ணின் இடது கால் குறுக்கே வந்து முடியும் வரை தாழாமல் காத்திருப்பதும்தான். அவர் அரைத் தட்டு முந்தித் தாழ்ந்தால் பெண்ணின் கடைசி அடிக்கு இடமே இல்லாமல் போகும்.

தொடக்கத்தில் முழுச் சுற்றுக்கு முயலாமல் முக்கால் சுற்றோடு நிறுத்துங்கள். அப்போது ஆண் சுவரை நோக்கிச் சாய்வாக வந்து நிற்பார். அங்கிருந்து, ஒரு கால் மற்றதன் பின்னால் குறுக்கே சென்று முடியும் விஸ்க் என்ற அடவு இயல்பாகத் தொடரும். முழுச் சுற்று கைவந்தபின் மீண்டும் நடுவை நோக்கிச் சாய்வாக முடித்து, நேரே ரிவர்ஸ் டர்ன் என்ற இடப்புறத் திருப்பத்துக்குள் செல்லலாம்.